பிரஷ் ஏன் கல்லாகிறது, மிஞ்சிய பெயிண்ட் ஏன் ஏடு கட்டுகிறது?

விறைத்துப் போன பிரஷ் ஒன்றைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து பார்த்திருக்கிறேன். நுனியில் முடிகள் தனித்தனியாக, சுத்தமாக இருந்தன. அந்த நுனியைப் பார்த்துத்தான் கழுவியாயிற்று என்று எடுத்து வைத்திருந்தேன். நடுவில் நாலைந்து முடிகள் சேர்ந்து சேர்ந்து ஒட்டியிருந்தன. கைப்பிடியை ஒட்டிய உலோகப் பட்டைக்குள் முடியே தெரியவில்லை. சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒரே பாளம். அந்தப் பாளம் உள்ளே உட்கார்ந்துகொண்டு முடிகளை வெளிப்பக்கம் நெட்டித் தள்ளியிருக்கிறது. அதனால்தான் பிரஷ் விளக்குமாறு போல விரிந்து கிடந்தது. பிரஷ்கள் பெரும்பாலும் வேரில்தான் சாகின்றன.

நன்றாகக் கழுவுகிறவர்களுக்கும் இப்படி ஆகிறது. பெயிண்ட் காய்வதைத் துணி காய்வது போல நினைத்துக்கொள்வதுதான் காரணம். காய்ந்த துணியை மறுபடி நனைத்தால் பழையபடி ஈரமாகிவிடும். பெயிண்ட் அப்படியில்லை. எந்தப் பெயிண்ட் எப்படிக் காய்கிறது என்பது ஒருமுறை பிடிபட்டுவிட்டால், எதில் கழுவுவது, எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது, மிச்சத்தை எப்படி மூடி வைப்பது எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். ஒவ்வொன்றையும் தனிக் குறிப்பாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சுவருக்கு அடிக்கும் எமல்ஷனை எடுத்துக்கொள்வோம். அது தண்ணீரில் கரைந்த சாயம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள்களும் நிறப்பொடியும் சேர்ந்த கலவை. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அந்த அளவுதான் ஒரு பிளாஸ்டிக் துகள். தண்ணீர் இருக்கும்வரை துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் மிதக்கின்றன. தண்ணீர் ஆவியாகும்போது அவை நெருங்கி, நசுங்கி, ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் அவை பிரியாது. கறந்த பால் மடி புகாது. சுவரில் அடித்த பெயிண்ட் மழைச்சாரலில் கரையாமல் நிற்பதும் பிரஷ்ஷில் காய்ந்த பெயிண்ட் தண்ணீரில் போகாமல் நிற்பதும் ஒரே காரணத்தால்தான்.

கதவு, ஜன்னல், இரும்புக் கம்பிகளுக்கு அடிக்கும் எண்ணெய் எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் தின்னர் ஆவியாகிப் போகிறது. அப்புறம்தான் முக்கியமான வேலை: உள்ளே இருக்கும் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, மூலக்கூறுக்கு மூலக்கூறு கை கோத்து வலையாகிறது. இதை வேகப்படுத்தக் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளைத் தயாரிக்கும்போதே சேர்த்துவிடுகிறார்கள். தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில மணி நேரம் போதும். முழுதாக இறுகப் பல நாள் ஆகும். ஆக, எமல்ஷனுக்கு எதிரி தண்ணீர் வெளியேறுவது, எனாமலுக்கு எதிரி ஆக்சிஜன் உள்ளே வருவது. இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி விஷயங்கள் தாமாகவே விளங்கும்.

மூன்றாவதாக, கரைப்பான் ஆவியானவுடன் வேலை முடிந்துவிடுகிற வகை ஒன்று உண்டு. மரச்சாமான்களுக்கு அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரும், அரக்கை ஆல்கஹாலில் கரைத்துச் செய்யும் பாலிஷும் இதில் சேரும். இவை காயும்போது வேதி மாற்றம் எதுவும் பெரிதாக நடப்பதில்லை. அதனால் கட்டையாகிப் போன லாக்கர் பிரஷ்ஷை அதற்குரிய தின்னரிலும், அரக்குப் பிரஷ்ஷை ஆல்கஹாலிலும் ஊற வைத்தால் மீண்டும் இளகிவிடும். தூக்கிப் போடும் முன் எந்த வகை என்று பாருங்கள். இரண்டு டப்பாவிலிருந்து எடுத்துக் கலந்து அடிக்கும் எப்பாக்சி, பாலியூரித்தேன் வகைகள் இதற்கு நேர் எதிர். கலந்த நொடியிலேயே எதிர்வினை தொடங்கிவிடும். மூடி வைத்தாலும் உள்ளுக்குள் இறுகிக்கொண்டேதான் இருக்கும். அதில் கலந்து மிஞ்சியதைச் சேமிக்க வழியே கிடையாது.

டப்பாவின் மேல் கழுவுவதற்குத் தண்ணீரா தின்னரா என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் முதலில் படிக்க வேண்டியது. எழுத்து அழிந்து போயிருந்தால், ஒரு குச்சியில் கொஞ்சம் பெயிண்ட் எடுத்துத் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். பால் போலக் கலங்கினால் எமல்ஷன். திரிதிரியாகப் பிரிந்து நின்றால் எண்ணெய் வகை.

சரி, கழுவுவோம். கழுவுதல் தண்ணீர்க் குழாயடியில் தொடங்குகிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு. பிரஷ்ஷில் இருக்கும் பெயிண்ட்டை முடிந்தவரை டப்பா விளிம்பில் வழித்து, பிறகு பழைய செய்தித்தாளில் நாலைந்து முறை இழுத்துத் துடைத்துவிடுங்கள். ரோலரானால் வளைவான விளிம்புள்ள சுரண்டியால் மேலிருந்து கீழாக வழியுங்கள். இது சிக்கனத்துக்காக மட்டும் சொல்வதல்ல. தண்ணீரில் போகும் ஒவ்வொரு சொட்டு பெயிண்ட்டும் எங்கோ ஓரிடத்தில் போய்ச் சேரும் பிளாஸ்டிக்.

அடுத்தது தண்ணீரைப் பிரித்து ஊற்றுவது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பிழிந்த பிறகும் பிரஷ்ஷில் 20 மி.லி. பெயிண்ட் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 300 மி.லி. தண்ணீரை ஒரே தடவையில் எடுத்து அலசிப் பிழிந்தால், உள்ளே தங்குவது 16இல் ஒரு பங்குச் செறிவுள்ள கலவை. அதே 300 மி.லி.யை மூன்று நூறாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் பிழிந்துவிட்டு அடுத்ததில் அலசினால் தங்குவது 216இல் ஒரு பங்கு. தண்ணீர் அதே அளவுதான், சுத்தமோ பதின்மூன்று மடங்குக்கு மேல். குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழ் பத்து நிமிஷம் பிரஷ்ஷைப் பிடிப்பதைவிட, மூன்று டப்பாத் தண்ணீர் எவ்வளவோ மேல்.

அலசும்போது முடி கீழ்நோக்கி இருக்கட்டும். தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் விட்டால் கரைந்த பெயிண்ட் பட்டைக்குள் இறங்கிவிடும்; கழுவுவதாக நினைத்து நாமே அந்தப் பாளத்துக்கு அஸ்திவாரம் போடுகிறோம். கொஞ்சம் சோப்பு விட்டு, உள்ளங்கையில் பிரஷ்ஷை வைத்து, பட்டையை ஒட்டிய இடத்தை விரல்களால் பிசைந்து விடுங்கள். கம்பிப் பல் சீப்பு இருந்தால் வேரிலிருந்து நுனிக்குச் சீவலாம். வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது. கொதிக்கும் வெந்நீர் வேண்டாம். சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் துகள்கள் இளகி இன்னும் வேகமாக ஒட்டிக்கொள்ளும். முடிந்ததா என்று நுனியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேரை இரண்டு விரலால் அழுத்திப் பிழிந்து, வரும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். கலங்கலாக வந்தால் இன்னொரு சுற்று.

கழுவும் வேலையில் பாதியைப் பெயிண்ட் அடிக்கும் முன்பே முடித்துவிடலாம். எமல்ஷனுக்குப் போகும் பிரஷ்ஷை முதலில் தண்ணீரிலும், எனாமலுக்குப் போவதைத் தின்னரிலும் நனைத்து உதறிவிட்டுத் தொடங்குங்கள். வேரில் இருக்கும் இடைவெளியை அந்த ஈரம் பிடித்துக்கொள்வதால் பெயிண்ட் அவ்வளவு சுலபத்தில் அங்கே ஏறாது. தோய்க்கும்போது முடியின் மூன்றில் ஒரு பங்கு போதும். வெயிலிலும் காற்றிலும் வேலை செய்தால், நுனி ஈரமாக இருக்கும்போதே வேர்ப்பக்கம் காயத் தொடங்கிவிடும். அதனால் நடுவில் ஒருமுறை அலசிவிட்டுத் தொடர்வதில் தவறே இல்லை.

பன்றி முடியில் செய்த பிரஷ் தண்ணீரை உறிஞ்சி உப்பி, துவண்டுவிடும். அது எண்ணெய்ப் பெயிண்ட்டுக்கு. நைலான், பாலியெஸ்டர் இழைகள் அந்த அளவுக்குத் தண்ணீரைக் குடிப்பதில்லை, எமல்ஷனுக்கு அவைதான். எந்தப் பிரஷ்ஷானாலும் கழுவியபின் முடியை நேராக நீவி, தாளில் சுற்றி, ஆணியில் தொங்கவிடுங்கள். டப்பாவில் முடி கீழாக நிறுத்தி வைத்தால் ஒரே இரவில் வளைந்துவிடும். அந்த வளைவு எளிதில் போகாது.

ரோலர் கதை கொஞ்சம் வேறு. அடர்த்தியான நல்ல ரோலருக்குள் நம்ப முடியாத அளவு பெயிண்ட் இருக்கும். வழித்து எடுத்த பிறகும் பல வாளி பிடிக்கும், ஆனால் அந்த உழைப்புக்கு அது தகுதியானது. மெல்லிய பஞ்சு ரோலரைக் கழுவ அத்தனை தண்ணீர் செலவழிப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. அதை நன்றாக வழித்து, காயவைத்து, குப்பையில் சேர்ப்பதே மேல். கழுவிய ரோலரைப் படுக்க வைக்காமல் நிறுத்திக் காயவையுங்கள். இல்லாவிட்டால் ஒருபக்கம் இழை நசுங்கி, அடுத்த முறை சுவரில் வரிவரியாகத் தெரியும்.

நாளைக்கும் இதே நிறம்தான் என்றால் கழுவவே வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் காற்றை அழுத்தி வெளியேற்றிச் சுற்றி, கைப்பிடியோடு இறுக்கிக் கட்டி நிழலில் வைத்தால் ஓரிரு நாள் தாங்கும். எனாமல் பிரஷ்ஷை அந்தக் காலத்து பெயிண்டர்கள் இரவில் தண்ணீருக்குள் தொங்கவிட்டு வைப்பார்கள். எண்ணெய்ப் பெயிண்ட்டைத் தண்ணீரிலா என்று கேட்கத் தோன்றும். எனாமலைக் காயவைப்பது ஆக்சிஜன். தண்ணீர் அதைத் தடுக்கிறது, பெயிண்ட்டைக் கரைப்பதுமில்லை. காலையில் உதறித் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

தின்னரில் கழுவுவதற்கும் அதே மூன்று பாத்திரக் கணக்குதான்: முதலாவதில் அழுக்கு, இரண்டாவதில் மிச்சம், மூன்றாவதில் தெளிவு. அழுக்குத் தின்னரைக் கொட்டிவிடாதீர்கள். மூடி போட்டுச் சில நாள் அசைக்காமல் வைத்தால் நிறப்பொடி அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை வடித்து அடுத்த முறைக்கு முதல் பாத்திரமாகப் பயன்படுத்தலாம். சாக்கடையிலோ மண்ணிலோ ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். அறையின் மறு மூலையில் எரியும் அடுப்பைப் போய்த் தொடும். ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். கையில் ஒட்டிய எனாமலுக்குத் தின்னர் தேவையில்லை. சமையல் எண்ணெய் தேய்த்துச் சோப்புப் போட்டால் போய்விடும்.

துடைத்த துணிகளைப் பற்றிக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து காய்கிறது என்றேன் இல்லையா, அந்தச் சேர்க்கையில் வெப்பம் பிறக்கிறது. சுவரில் மெல்லிய படலமாக இருக்கும்போது வெப்பம் காற்றில் போய்விடுகிறது, நமக்குத் தெரிவதில்லை. அதே எண்ணெயில் நனைந்த துணியைப் பந்தாகச் சுருட்டி ஒரு மூலையில் எறிந்தால், உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் சேர்கிறது. சூடு ஏற ஏற எதிர்வினை வேகமாகிறது, வேகமாக ஆக இன்னும் சூடு ஏறுகிறது. கடைசியில் யாரும் தீ வைக்காமலே துணி பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் பற்றியெரிந்தது இப்படித்தான். 22ஆவது மாடியில் மரப்பலகைகளுக்கு மெருகேற்றிய வேலையில் மிஞ்சிய, ஆளிவிதை எண்ணெயில் நனைந்த துணிகளிலிருந்து தொடங்கிய தீ. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். அதனால் எண்ணெய்ப் பெயிண்ட், வார்னிஷ், ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணிகளை வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டு விறைக்கும்வரை காயவிடுங்கள். அல்லது மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் தண்ணீருக்குள் அமுக்கி வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" வேண்டவே வேண்டாம்.

எமல்ஷன் கழுவிய தண்ணீர் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குப் போகும் வடிகாலில் போகலாம். மழைநீர் ஓடும் கால்வாயில் ஊற்றினால் அப்படியே ஆற்றில்தான் சேரும். கிணறு, தோட்டம், குளத்தங்கரை எதுவும் கூடாது. வழியில்லாத இடத்தில் வாளியில் தேக்கிவைத்துக் கொஞ்சம் படிகாரம் கரைத்து விட்டால் துகள்கள் திரள உதவும். கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும் அதே வேலை. அடியில் படிந்த சேற்றைக் காயவைத்துக் குப்பையில் சேர்க்கலாம்.

இனி மிஞ்சிய பெயிண்ட். ஓவியர்கள் ஒரு காலத்தில் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தார்கள். குத்தித் துளையிட்டு எடுத்த பிறகு அதைச் சரியாக மூட முடியாது. மிச்சம் காய்ந்து போகும். 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற ஓவியர் பிதுக்கி எடுக்கும் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். வண்ணம் குறையக் குறையக் குழாயும் சுருங்கும், எனவே உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. வீட்டுப் பெயிண்ட் டப்பா சுருங்காது. பிரச்சினை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

4 லிட்டர் டப்பாவில் 1 லிட்டர் எனாமல் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 3 லிட்டரும் காற்று. அதில் ஆக்சிஜன் 21 சதவீதம், அதாவது 600 மி.லி.க்கு மேல். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் புதிதாக 600 மி.லி. உள்ளே போகிறது. ஏடு படியாமல் என்ன செய்யும்? அதே 1 லிட்டரை, 1 லிட்டர் பிடிக்கும் டப்பாவுக்கு மாற்றிக் கழுத்துவரை நிரப்பிவிட்டால் கதையே மாறிவிடும். எமல்ஷனுக்கும் இது நல்லதுதான். ஆனால் வெறும் தகர டப்பாவில் எமல்ஷன் துருவைக் கிளப்பும், துருத் துணுக்குகள் பெயிண்ட்டில் விழும். அதற்குப் பிளாஸ்டிக் டப்பா பொருத்தம்.

டப்பாவைத் தலைகீழாக வைக்கச் சொல்வார்கள். மூடியின் இடுக்கைப் பெயிண்ட்டே அடைத்துக்கொள்ளும் என்பது உண்மை. உள்ளே இருக்கும் காற்று ஒரு துளியும் குறையாது என்பதும் உண்மை. மூடி சற்று வளைந்திருந்தால் பலகை முழுவதும் பெயிண்ட். சின்ன டப்பாவுக்கு மாற்றுவதையே நான் நம்புகிறேன்.

மூடி சரியாக உட்காராததற்குப் பெரும்பாலும் விளிம்புப் பள்ளத்தில் காய்ந்த பெயிண்ட்தான் காரணம். திறந்தவுடன் அந்தப் பள்ளத்தில் ஆணியால் நாலைந்து துளை போட்டுவிட்டால், வழியும் பெயிண்ட் திரும்ப உள்ளேயே சொட்டிவிடும்; மூடி அந்தத் துளைகளையும் சேர்த்து மறைத்துவிடும். மூடும்போது விளிம்பைத் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் தாளை மேலே விரித்து, மூடியின் மேல் மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் மெதுவாகத் தட்டுங்கள். சுத்தியலால் நேராக அடித்தால் விளிம்பு நெளியும். நெளிந்த மூடி அப்புறம் எப்போதும் காற்றை விடும்.

எமல்ஷனுக்குக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எதிரி உண்டு: பாக்டீரியா. தண்ணீர் இருக்கிறது, தின்பதற்கு அதில் கெட்டித்தன்மைக்காகச் சேர்த்த செல்லுலோஸ் இருக்கிறது. தயாரிப்பாளர்கள் பாதுகாப்பு மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். நாம் தட்டில் ஊற்றி, தூசி விழ, சுவரழுக்கு ஒட்டிய பிரஷ்ஷைத் தோய்த்து, மிஞ்சியதைத் திரும்ப டப்பாவில் ஊற்றும்போது அந்த மருந்தால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. பாக்டீரியா சுரக்கும் நொதி செல்லுலோஸை வெட்டி வெட்டிப் போட, பெயிண்ட் நீர்த்துப் போகும். பாக்டீரியா செத்த பிறகும் நொதி வேலை செய்துகொண்டே இருக்கலாம். அழுகிய முட்டை வாடையோ புளித்த வாடையோ வந்தால் அந்தப் பெயிண்ட் முடிந்தது. சுவரில் அடித்தால் வாடையும் சுவரோடு வரும். எனவே தேவையான அளவை மட்டும் தனிப் பாத்திரத்தில் ஊற்றி வேலை செய்யுங்கள். தட்டில் மிஞ்சியதை மூல டப்பாவில் சேர்க்காதீர்கள். தண்ணீர் கலந்து நீர்க்கவைத்ததைச் சேமிக்காதீர்கள்.

வைக்கும் இடம் உறையும் குளிரும் இல்லாமல், வெயிலும் படாமல் இருக்க வேண்டும். எமல்ஷன் உறைந்தால் துகள்கள் ஒன்றோடொன்று அழுந்தித் திரிந்துவிடும். உருகினாலும் கட்டிகட்டியாகவே நிற்கும். ஈரத் தரையில் வைத்தால் டின் அடியில் துரு பிடிக்கும், பலகை மேல் வையுங்கள்.

தின்னரையோ டர்பன்டைனையோ தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் ஊற்றி வைக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தெளிவாக, தண்ணீர் போலவே இருக்கும். ஒரு குழந்தை ஒரு வாய் குடித்தால் போதும்; இருமும்போது அது நுரையீரலுக்குள் போய்க் கடுமையான அழற்சியை உண்டாக்கும். அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வெளியே வரும்போது மறுபடி நுரையீரலுக்குப் போகும். உடனே மருத்துவமனைதான். வாங்கி வந்த டப்பாவிலேயே, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

டப்பாவின் மேல் நிறத்தின் பெயர், எண், எந்த அறை, எந்தத் தேதி என்று எழுதி, மூடியில் ஒரு தீற்றல் பெயிண்ட்டும் பூசிவிடுங்கள். கடையில் இயந்திரத்தில் கலந்து தந்ததென்றால் அந்தக் கலவைச் சீட்டுதான் பெயிண்ட்டைவிடப் பெரிய சொத்து. புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து வெறும் வாயு வரும்வரை அழுத்திவிட்டு வைத்தால் மூக்கு அடைக்காது.

மறுபடி திறக்கும்போது எனாமலில் ஏடு இருந்தால் கலக்கிவிடாதீர்கள். அது காய்ந்த பெயிண்ட், கரையாது. துணுக்குத் துணுக்காகக் கதவில் ஒட்டும். ஓரத்தைச் சுற்றிக் கத்தியால் வெட்டி முழுதாகத் தூக்கி எடுத்துவிட்டு, மீதியை நைலான் துணியில் வடிகட்டுங்கள். அடியில் படிந்த நிறப்பொடியைக் குச்சியால் கிளறி மேலே கொண்டு வாருங்கள். பிறகு கண்ணில் படாத ஓரிடத்தில் அடித்துக் காயவிட்டுப் பாருங்கள். பெயிண்ட் சரியாகவே இருந்தாலும் சுவர் இதற்குள் வெளுத்திருக்கும், ஒட்டுப் போட்டது போலத் தெரியலாம். அதனால்தான் நிறைய மிச்சம் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கீறலை மறைக்கும் அளவுக்கு ஒரு சின்ன டப்பா போதும். மீதி இருந்தால் உள்ளறை, அலமாரியின் உட்புறம், முதல் பூச்சு என்று தீர்த்துவிடுங்கள், தேவைப்படுகிறவருக்குக் கொடுங்கள்.

எறிந்தே ஆக வேண்டுமென்றால், எமல்ஷனில் மணலோ மரத்தூளோ கொட்டிக் கலந்து கட்டியாகக் காய்ந்தபின் குப்பையில் போடலாம். எனாமலும் தின்னரும் அபாயக் கழிவு. அவற்றைத் தனியாகச் சேகரிக்கும் இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும்.

பரணில் பல பத்தாண்டுகளாகக் கிடக்கும் டப்பாக்களைத் தனியாக எடுத்து வையுங்கள். ஈய வெள்ளை என்ற நச்சு நிறப்பொடிக்கு எதிராகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921இலேயே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அப்படியும் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் அமெரிக்காவில் 1978இல்தான் தடை செய்யப்பட்டது. பல நாடுகளில் இன்னும் தாமதமாக. பழைய எமல்ஷன்களில் பாக்டீரியாவைத் தடுக்கப் பாதரசச் சேர்மம்கூடச் சேர்த்திருந்தார்கள். அப்படிப்பட்ட டப்பாவைத் திறக்காமல், கலக்காமல், யாருக்கும் கொடுக்காமல் அபாயக் கழிவோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்.